பள்ளிக்கூடம் கட்ட ஊர் வாங்கும் கடன்

அக்டோபர் மாதம் கவுண்டியிலிருந்து, அதாவது இங்கத்து மாவட்ட நிர்வாகத்திலிருந்து, சொத்து வரி பில் வந்ததும் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து ஒரு வரி விடாமல் படிப்பது என் வழக்கம். ஒரு வருடம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரும் குனிந்து பார்த்தார். மேலே வீட்டு மதிப்பில் ஒரு சதவீதம், அது கலிஃபோர்னியாவில் எல்லா வீட்டுக்கும் பொது. அதற்குக் கீழே சின்னச் சின்னத் தொகையாக ஏழெட்டு இனங்கள். பார்ட் ரயிலுக்கு ஒன்று, பூங்காக்களுக்கு ஒன்று, கம்யூனிட்டி காலேஜுக்கு ஒன்று, அப்புறம் எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பெயரில் இரண்டு. அப்பா அந்த இரண்டின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன தம்பி, பிள்ளைங்களுக்கு ஃபீஸே கிடையாதுன்னு சொன்ன?"

"ஃபீஸ் இல்லப்பா. பள்ளிக்கூடம் கட்ட ஊர்ல கடன் வாங்கியிருக்காங்க. அதுக்கு நம்ம வீட்டுப் பங்கு."

"ஊரே சேர்ந்து கடன் வாங்குமா?"

வாங்கும். அதுவும் ஊர் ஓட்டுப் போட்டுச் சரி என்று சொன்னால்தான் வாங்க முடியும். அப்பாவுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். புதிதாகக் குடியுரிமை வாங்கிய நண்பர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி "இந்த ஸ்கூல் மெஷருக்கு ஆம் போடவா, இல்லை போடவா?" என்று கேட்கிறார்கள். மெஷர் என்றால் மக்கள் ஆம், இல்லை என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற தீர்மானம். ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இரண்டு தேர்தலில் இதற்காக வீடு வீடாக நடந்திருக்கிறேன், மூன்று வருடம் கணக்குப் பார்க்கும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம்.

முதலில் என் மகள் மூன்றாம் வகுப்புப் படித்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெயர் போர்ட்டபிள். லாரியில் இரண்டு பாதியாகக் கொண்டுவந்து விளையாட்டுத் திடல் ஓரத்தில் ஒட்டவைத்துவிட்டுப் போகிற அறை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கும், ஏறிப் போக ஒரு மரச் சரிவு. பிள்ளைகள் அதில் ஓடினால் உள்ளே மேளம் அடித்த மாதிரிக் கேட்கும். மழைக்காலத்தில் கம்பளத்திலிருந்து ஈர வாடை வரும். இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் தரையில் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது, ஆசிரியை அதன் மேல் வெள்ளி நிற டேப் ஒட்டிவைத்திருந்தார். வகுப்பில் ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் வருவான். ஒவ்வொரு முறையும் அந்த டேப்பைத் தாண்டும்போது அவனுடைய முன்சக்கரம் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகும். 1996-ல் ஆளுநர் பீட் வில்சன் காலத்தில் சிறு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 20 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று ஒரு திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் ஒரே நாளில் அத்தனை வகுப்பறைக்கு எங்கே போவது? மாநிலம் முழுக்க இந்தப் போர்ட்டபிள்களை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். என் மகள் படித்தபோது அந்த அறைக்கு அவளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வயது.

சரி, ஏன் கட்டவில்லை? அதற்கு 1978-க்குப் போக வேண்டும். எழுபதுகளில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியது, விலையோடு சேர்ந்து சொத்து வரியும் ஏறியது. பென்ஷனில் வாழ்ந்த பெரியவர்கள் வரி கட்ட முடியாமல் சொந்த வீட்டை விட்டுப் போக நேருமோ என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் அதைக் கையில் எடுத்து, அந்த வருடம் ஜூன் மாதம் புரொபசிஷன் 13 என்ற மாநில அளவிலான தீர்மானத்தை ஓட்டுக்குக் கொண்டுவந்தார்கள், பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு என்பதும் இன்றைய சந்தை விலை கிடையாது, நீங்கள் வாங்கிய விலை. அது வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம் ஏறலாம். விற்றால்தான் புது விலைக்கு மாறும். அதற்கு முன்பிருந்தே வீடு வைத்திருந்தவர்களுக்கு 1975-ம் வருட மதிப்பு.

இதில் பள்ளிகளுக்கு என்ன ஆனது என்றால், கட்டடத்துக்குக் கடன் வாங்கி அதை அடைக்க சொத்து வரியில் கொஞ்சம் கூட்டி வசூலிக்கும் வழி அடியோடு அடைபட்டது. ஊர் மக்கள் அத்தனை பேரும் சரி என்று கைதூக்கினாலும் செய்ய முடியாத நிலை. 1986-ல்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது, அப்போதும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்ற நிபந்தனையோடு. மூன்றில் இரண்டு என்றால், வேண்டாம் என்கிற ஒருவருடைய ஓட்டை ஈடுகட்ட வேண்டும் என்கிறவர்கள் இரண்டு பேர் வேண்டும். நாற்பது சதவீதம் பேர் எதிர்த்தால் போதும், பள்ளிக்கூடம் கிடையாது. 2000-ம் வருடம் மார்ச்சில் அதைச் சாதாரணப் பெரும்பான்மையாக ஆக்கப் பார்த்தார்கள், மக்கள் ஏற்கவில்லை. அதே வருடம் நவம்பரில் புரொபசிஷன் 39 வந்தது: 55 சதவீதம் போதும், ஆனால் கட்டுப்பாடு அதிகம். என்னென்ன கட்டப் போகிறோம் என்ற பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வருடாவருடம் இரண்டு தணிக்கை. பொதுமக்கள் குழு ஒன்று கணக்குப் பார்க்க வேண்டும். வரிக்கும் உச்சவரம்பு உண்டு, ஒருங்கிணைந்த டிஸ்ட்ரிக்ட் என்றால் ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு வருடத்துக்கு 60 டாலர், தொடக்கப் பள்ளி அல்லது உயர்நிலைப் பள்ளி மட்டும் உள்ள டிஸ்ட்ரிக்ட் என்றால் 30. இன்றைக்கு உங்கள் வாக்குச்சீட்டில் வரும் பெரும்பாலான பள்ளி மெஷர்கள் இந்த வழியில் வருபவைதான்.

நான் குடியுரிமை வாங்கிப் போட்ட முதல் ஓட்டு 2020 மார்ச். எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஒரு மெஷர் வந்தது, போர்ட்டபிள்களை எடுத்துவிட்டு நிரந்தர வகுப்பறை கட்டுவதற்கு. பள்ளி நிர்வாகம் தகவல் கொடுக்கலாமே தவிர, "ஆம் போடுங்கள்" என்று பொதுப் பணத்தில் பிரச்சாரம் செய்யச் சட்டம் விடாது. அதனால் பெற்றோர்தான் நடக்க வேண்டும். சனி, ஞாயிறு காலையில் பள்ளி வாகனம் நிறுத்துமிடத்தில் கூடுவோம், ஒரு தெருப் பட்டியலும் கொஞ்சம் நோட்டீஸும் கொடுப்பார்கள், இரண்டு இரண்டு பேராகக் கிளம்புவோம்.

ஒரு வீட்டில் எழுபது எழுபத்தைந்து வயதுப் பெரியவர் கதவைத் திறந்தார். கையில் தோட்டத்து மண். "என் பிள்ளைகள் படித்து முடித்து முப்பது வருடம் ஆகிறது" என்றார். நான் எடுத்ததும், உங்கள் பிள்ளைகள் படித்த கட்டடத்துக்கு உங்களுக்கு முந்தியவர்கள் வரி கட்டினார்களே என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் எனக்குத் தெரியும். என் பங்கு எவ்வளவு, அதைச் சொல்." எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்து நோட்டீஸின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். மெஷரில் போட்டிருந்த விகிதம் ஒரு லட்சத்துக்கு 48 டாலர். அவர் 1984-ல் 95,000 டாலருக்கு வாங்கிய வீடு. வருடம் 2 சதவீதம் ஏறி, வரிக் கணக்கில் அதன் மதிப்பு ஏறத்தாழ 1,94,000. அப்படியானால் வருடத்துக்கு 93 டாலர். "உன் வீட்டுக்கு?" என்று கேட்டார். நான் 2012-ல் 7 லட்சத்துக்கு வாங்கினேன், இப்போது கணக்கில் 8,20,000. என் பங்கு 394 டாலர். இரண்டும் ஒரே அளவு வீடு, பக்கத்துப் பக்கத்துத் தெரு. அவர் அந்த இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதிக வரி கட்டப்போகிற நீயே வந்து கேட்கிறாய்" என்று சொல்லிவிட்டு நோட்டீஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எப்படி ஓட்டுப் போட்டார் என்று எனக்குத் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்தக் கடனின் பெரும்பங்கைச் சுமப்பது சமீபத்தில் வீடு வாங்கியவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள். அதிலும் எச்-1பி விசாவில் இருந்துகொண்டு வீடு வாங்கியவர்கள், கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர்கள், என் தெருவிலேயே நாலு குடும்பம் இருக்கிறது. வரி முழுதாகக் கட்டுகிறார்கள், பிள்ளைகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், ஓட்டு மட்டும் கிடையாது. எதிர்வீட்டுத் தம்பதி இரண்டு தேர்தலிலும் எங்களோடு வெயிலில் நடந்தார்கள். "எங்களால போட முடியாது, போடறவங்ககிட்டயாவது கேக்கலாமே அண்ணா" என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு மறக்காது. ஓட்டு இருந்தும் "நமக்கெதுக்கு, ஜனாதிபதிக்குப் போட்டாப் போதும்" என்று கடைசிப் பக்கத்தை நிரப்பாமல் விடுகிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஜனாதிபதி தேர்தலில் கலிஃபோர்னியாவில் உங்கள் ஒரு ஓட்டால் என்ன மாறும் என்று சொல்ல முடியாது. இந்த மெஷர்கள் சில நூறு ஓட்டில் ஜெயிக்கும், தோற்கும்.

எங்களுடையது தோற்றது. 53 சதவீதம் பேர் ஆம் என்று போட்டும் தோற்றது, 55 வேண்டுமே. அந்த மார்ச்சில் மாநிலம் முழுக்கவே பல உள்ளூர்ப் பள்ளிக் கடன்கள் தோற்றன. மாநில அளவில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமாக 1,500 கோடி டாலர் கடன் கேட்ட மெஷரும் தோற்றது. அதற்குத் தற்செயலாகக் கிடைத்த எண் 13. பழைய 13-ஐ மாற்றப் போகிறார்கள், நம் வரி ஏறப்போகிறது என்று எத்தனையோ பேர் பயந்துபோனார்கள். நான் பேசிய வீடுகளிலேயே ஐந்தாறு பேர் அதைத்தான் கேட்டார்கள். அது வேறு, இது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் கதவு சாத்திவிடும்.

எங்களிடம் அதிகம் பேர் கேட்ட இன்னொரு கேள்வி உண்டு. "ஆசிரியர்களை வேலையை விட்டு அனுப்புகிறார்கள், இப்போது ஜிம் கட்டப் பணம் கேட்கிறார்களே, எப்படி?" கேட்பவர் மேல் தப்பில்லை, வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பள்ளிக்கு இரண்டு பை. சம்பளம், பஸ், புத்தகம், கரண்ட் பில் எல்லாம் ஒரு பையிலிருந்து, அதில் பெரும்பங்கு மாநிலம் கொடுப்பது, பிள்ளைகள் வருகையை வைத்து. கட்டடக் கடன் இன்னொரு பை. இதிலிருந்து ஒரு டாலர்கூட ஆசிரியர் சம்பளத்துக்கோ பள்ளியின் வழக்கமான செலவுக்கோ போகக் கூடாது என்பது சட்டம். ஆசிரியர் சம்பளத்துக்கு உள்ளூரில் பணம் திரட்ட வேண்டுமானால் பார்சல் டாக்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, மனைக்கு இவ்வளவு என்று வாங்குவது, பெரும்பாலும் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதில் முதியவர்களுக்கு விலக்குக் கொடுக்கலாம், பல ஊர்களில் கொடுக்கிறார்கள். கட்டடக் கடனில் அப்படி விலக்குக் கிடையாது. இந்த வித்தியாசத்தை மட்டும் தெரிந்துகொண்டாலே வாக்குச்சீட்டில் பாதிக் குழப்பம் தீரும்.

கடன் வாங்கித்தான் கட்ட வேண்டுமா, சேர்த்துவைத்துக் கட்டக் கூடாதா என்று அப்பாவும் கேட்டார். அவர் வாழ்க்கையில் கடன் என்றால் ஒரே ஒரு முறை வாங்கியதுதான், வீடு கட்ட. அதை வைத்தே சொன்னேன். முழுப் பணமும் சேரும் வரை காத்திருந்தால் நானும் அக்காவும் அந்த வீட்டில் வளர்ந்திருக்க மாட்டோம். பள்ளிக் கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும். இன்று அங்கே பிள்ளை படிக்கிற குடும்பம் மட்டும் முழுச் செலவையும் ஏற்பதைவிட, அடுத்த இருபத்தைந்து, முப்பது வருடம் ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் பகிர்ந்துகொள்வது முறைதானே. ஆனால் வட்டி உண்டு. 4 சதவீதம், 30 வருடம் என்றால் வாங்கிய 100-க்கு மொத்தம் 173 கட்ட வேண்டிவரும். அதனால்தான் கடனில் எதை வாங்குகிறோம் என்பது முக்கியம். 2013-ல் லாஸ் ஏஞ்சலஸில் மாணவர் எல்லாருக்கும் ஐபேட் கொடுக்கும் திட்டத்துக்குப் பள்ளிக் கட்டடக் கடன் பணத்தை எடுத்தார்கள். மூன்று நாலு வருடத்தில் பழசாகிற பொருளுக்கு நீண்ட காலக் கடன். அந்தத் திட்டம் பாதியில் நின்றுபோனது, பேர் கெட்டதுதான் மிச்சம்.

அதைவிட மோசமானது சான் டியாகோ பக்கத்தில் பவே என்ற டிஸ்ட்ரிக்டில் நடந்தது. 2011-ல் 10.5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். வரி விகிதத்தை ஏற்ற மாட்டோம் என்று மக்களிடம் சொல்லியிருந்ததால், முதல் இருபது வருடம் ஒன்றுமே கட்ட வேண்டாம், வட்டி அசலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும் என்கிற வகைக் கடன் பத்திரம். திருப்பிக் கட்ட வேண்டிய மொத்தம் கிட்டத்தட்ட 100 கோடி டாலர். கந்துவட்டி என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஓட்டுப் போட்டவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கடன் முடியும்போது உயிரோடு இருக்க மாட்டார்கள். விஷயம் 2012-ல் வெளியே வந்து ஊர் கொதித்த பிறகு, 2013-ல் மாநிலம் சட்டம் போட்டது: இந்த வகைப் பத்திரத்தில் அசலைப் போல நாலு மடங்குக்கு மேல் திருப்பிக் கட்டுகிற மாதிரி வாங்கக் கூடாது, 25 வருடத்தைத் தாண்டக் கூடாது. நாலு மடங்கே எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. அதனால் உங்கள் ஊர் மெஷர் வரும்போது வாக்காளர் கையேட்டில் வரி விகிதம் பற்றிய அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும், அதை மட்டுமாவது படியுங்கள். வட்டியும் அசலும் சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்ற மதிப்பீடு அதில் இருந்தே ஆக வேண்டும். கடன் தொகையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மடங்கை ஒட்டி இருந்தால் எனக்குத் தொந்தரவில்லை, மூன்றைத் தாண்டினால் கூட்டத்துக்குப் போய் ஏன் என்று கேட்பேன்.

எங்கள் ஊரில் 2022 நவம்பரில் மறுபடி கேட்டார்கள். இந்த முறை பட்டியலைச் சுருக்கி, எந்தப் பள்ளியில் எத்தனை போர்ட்டபிள் போகும் என்று பள்ளிவாரியாக எழுதியிருந்தார்கள். 57 சதவீதம். முடிவு உறுதியாக இரண்டு வாரம் ஆனது, தபால் ஓட்டு எண்ண எண்ண அரை அரையாக ஏறியது. எதிர்வீட்டுப் பெண் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு கவுண்டி இணையதளத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எண்ணை மட்டும் அனுப்புவார். 55.8. 56.3. 56.9.

ஜெயித்த பிறகு கணக்குப் பார்க்கும் குழுவுக்கு ஆள் கேட்டார்கள். குறைந்தது ஏழு பேர்: வியாபாரிகள் தரப்பில் ஒருவர், முதியோர் அமைப்பிலிருந்து ஒருவர், வரி கட்டுவோர் சங்கத்திலிருந்து ஒருவர், பெற்றோர் இருவர், அப்புறம் பொதுவில் இருவர். டிஸ்ட்ரிக்டில் வேலை பார்ப்பவரோ, அங்கே ஒப்பந்தம் எடுத்தவரோ இருக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவராக நான் போனேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு தொடக்கப் பள்ளி நூலகத்தில் கூட்டம், ஆறரை மணிக்கு, ஏழு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில். ஒவ்வொருவர் முன்னாலும் ஐம்பது அறுபது பக்கம் அச்சடித்த கணக்கு. எதைக் கட்டுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது, செலவான பணம் மக்களுக்குச் சொன்ன பட்டியலில் உள்ளதற்குத்தான் செலவானதா என்று பார்ப்பது மட்டும்தான்.

வரி கட்டுவோர் சங்கத்தின் சார்பில் வந்த பெரியவர் இரண்டு தேர்தலிலும் எங்களை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர். ஓய்வுபெற்ற கணக்கர். ஒவ்வொரு பக்கத்தையும் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வருவார். இரண்டாவது கூட்டத்தில் மேற்பார்வைச் செலவு என்று ஓர் இனத்தில் பென்சில் நின்றது. "இந்த ஊழியர் கட்டட வேலை மட்டும்தான் பார்க்கிறாரா, பழைய கட்டடங்களில் குழாய் ரிப்பேரும் பார்க்கிறாரா?" என்றார். அறையில் யாரிடமும் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு நேரக் கணக்கைக் கேட்டு வாங்கினார். பாதி நேரம் வழக்கமான பராமரிப்பு. கடன் பணத்தில் கட்டக் கூடாத சம்பளம் அது. அந்தப் பாதியைத் திருப்பிக் கடன் கணக்கில் சேர்த்தார்கள். பெரிய தொகை இல்லைதான், ஆனால் அவர் இல்லாவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டோம். அன்றிலிருந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன், அவர் பென்சில் எந்த இனத்தில் நிற்கிறதோ அங்கே நானும் நிற்பேன்.

செலவு ஏன் இவ்வளவு என்றும் அங்கேதான் எனக்குப் புரிந்தது. 1933 மார்ச் 10-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன்னால் லாங் பீச்சில் நிலநடுக்கம் வந்தது. சுமார் 70 பள்ளிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது. ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் வந்தது. அன்றிலிருந்து அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாநிலக் கட்டடக் கலைஞர் அலுவலகம் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும், வேலை நடக்கும்போது தனி ஆய்வாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இதனால் நாளும் ஆகிறது, பணமும் ஆகிறது. இந்தச் செலவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2004-ல் கும்பகோணத்தில் தீப்பிடித்த அந்தப் பள்ளிக் கூரையின் கீழ் 94 பிள்ளைகள் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஊர்க்காரன் நான். எங்கள் ஊரிலிருந்து அது ஒரு மணி நேரப் பயணம்.

எங்கள் பள்ளியில் போன ஜூன் மாதம், லீவு விட்ட மறுவாரம், போர்ட்டபிள்களை எடுத்தார்கள். மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், இருந்தாலும் பார்க்க வந்தாள். ஒட்டியிருந்த இரண்டு பாதியையும் பிரித்து, ஒரு பாதியைச் சக்கரத்தில் ஏற்றி இழுத்துப் போனார்கள். மற்றப் பாதி ஒரு பக்கம் சுவரே இல்லாமல் அன்று முழுக்க நின்றது. உள்ளே எழுத்துப் பலகை அப்படியே மாட்டியிருந்தது. தரையின் விளிம்பில் வெள்ளி டேப் பாதி அகலத்துக்குக் கிழிந்து தொங்கியது. மகள்தான் அதைப் பார்த்துக் காட்டினாள். பின்னால் புதுக் கட்டடம், எட்டு வகுப்பறை, வாசலும் தரையும் ஒரே மட்டம்.

இங்கே நிறுத்திவிடலாம், ஆனால் ஒரு விஷயம் எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது. இந்த முறை முழுக்க நில மதிப்பின் மேல் நிற்கிறது. கணக்குக்காகச் சொல்கிறேன், ஒரு டிஸ்ட்ரிக்டில் வீடு, கடை, அலுவலகம் எல்லாம் சேர்ந்து வரி மதிப்பு 4,000 கோடி டாலர் என்றால், லட்சத்துக்கு 60 டாலர் வீதம் வருடத்துக்கு 2.4 கோடி கிடைக்கும். இன்னொரு டிஸ்ட்ரிக்டில் மொத்தமே 100 கோடி என்றால், அதே 60 டாலரைக் கட்டினாலும் கிடைப்பது 6 லட்சம்தான். மதிப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்றும் வரம்பு இருக்கிறது. மாநிலமும் பணம் தருகிறது, புதுக் கட்டடத்துக்குப் பாதி, பழையதைப் புதுப்பிக்க 60 சதவீதம் என்பது பல வருடமாக இருந்துவந்த முறை. ஆனால் மீதியை ஊர் போட வேண்டும், முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில். ஆர்க்கிடெக்ட், ஆலோசகர் எல்லாம் வைத்துக்கொள்ள வசதியுள்ள டிஸ்ட்ரிக்ட்தான் வரிசையில் முன்னால் நிற்கும். 2024 நவம்பரில் புரொபசிஷன் 2 ஜெயித்தது, 1,000 கோடி டாலர், அதில் 850 கோடி பள்ளிகளுக்கு. வசதி குறைந்த டிஸ்ட்ரிக்டுகளுக்கு மாநிலத்தின் பங்கைக் கூட்டிக் கொடுக்க அதில் வழி செய்திருக்கிறார்கள், அதிகபட்சம் ஐந்து சதவீதம் கூடுதல். உள்ளூர்க் கடன் வரம்பையும் உயர்த்தியிருக்கிறார்கள். ஐந்து சதவீதம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், பாதாம் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊரில் என் கல்லூரி நண்பன் மருத்துவராக இருக்கிறான். தோட்ட வேலை செய்யும் குடும்பங்கள்தான் அங்கே அதிகம். எங்களுக்கு ஓட்டு நடந்த அதே நாளில் அவர்கள் ஊரிலும் பள்ளிக் கடனுக்கு ஓட்டு நடந்தது. 68 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். எங்களைவிட எவ்வளவோ அதிகம், எங்களைவிட எவ்வளவோ குறைந்த வருமானத்தில். அந்தப் பணத்தில் இரண்டு பள்ளியின் கூரையும் ஒரு பள்ளியின் கழிப்பறையும் சரி செய்தார்கள். போர்ட்டபிள்களை மாற்ற மாநிலத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். போன வாரம் பேசும்போது கேட்டேன். "இன்னும் லிஸ்ட்ல தான்டா இருக்கு" என்றான்.